மெல்லும்போது வந்த சத்தம்

கலியாணம் முடிந்து நாலாம் நாள் மத்தியானம்தான் அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன். அதுவரை வீடு நிறையச் சனம். அன்றைக்கு எல்லோரும் போய், ஐயா, அம்மா, என் கணவர், நான் என்று நாலு பேர் மட்டும் மிஞ்சியிருந்தோம். குசினிக்கு முன்னாலிருந்த சின்ன விறாந்தையில் ஐயாவும் அவரும் பாயில் இருந்து சாப்பிட்டார்கள். நான் சொதிச் சட்டியோடு நின்றேன். அவர் மெல்லும்போதெல்லாம் வலது காதுக்கு முன்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. வாய் திறக்கையில் ஒன்று, மூடுகையில் அதைவிட மெதுவாக இன்னொன்று. காய்ந்த உழுத்தங்காய் வெயிலில் வெடிப்பது போல.

எங்கள் வீடு அச்சுவேலிக்குப் பக்கத்தில். ஐயா வெங்காயமும் புகையிலையும் செய்தவர். நான் ஒரே பிள்ளை என்பதால் கலியாணத்துக்குப் பிறகு அவர்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, உடுத்த உடுப்போடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர்களில் ஒருவர். மறு வருஷம் ஆவணியில் எங்களுக்குக் கலியாணம். அதன் பிறகு சந்தைக்குப் பக்கத்தில் ஒரு டியூட்டரியில் ஆங்கிலம் படிப்பித்தார். அங்கே அவருடைய குரல் தெருவுக்குக் கேட்கும் என்று மாணவர்கள் சொல்வார்கள். வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார்.

எங்கள் வீட்டில் சாப்பிடும்போது கதைப்பவர் ஐயா ஒருவர்தான். தோட்டத்துக் கதை, சந்தைக் கதை, சங்கக்கடைக் கதை எல்லாம் அப்போதுதான் வரும். ஐயா கதையை நிறுத்தி மூச்சு வாங்கும் இடத்தில் அந்த 'டக்' கேட்கும். சில நாள் ஐயா திரும்பிப் பார்த்தார். பிறகு ஒருநாள், நாங்கள் எல்லோரும் இருக்கும்போது, கையில் கவளத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

"தம்பி, உம்மடை வாய்க்குள்ளை ஆரோ பூட்டுத் துறக்கிறான் போலை கிடக்கு."

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். பெரிய சிரிப்பு இல்லை, ஆனால் சத்தம் வந்த சிரிப்பு. அவரும் சிரித்தார். அந்தக் கவளத்தை மெல்லாமலே விழுங்கினார்.

அடுத்த நாளிலிருந்து டியூட்டரியில் வேலை இருக்கிறது என்று பிந்தி வரத் தொடங்கினார். நான் சோற்றைப் போட்டு மூடி வைப்பேன். எல்லோரும் எழும்பிய பிறகு தனியே இருந்து, சோற்றைச் சொதியில் ஊறவிட்டு விழுங்குவார். நான் பக்கத்தில் போய் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தச் சத்தம் எனக்குக் கூச்சமாக இருந்தது. சொந்தக்காரர் வீட்டுக் கலியாணங்களில் பந்தியில் அவர் எங்கே இருக்கிறார், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். ஒரு வீட்டில், அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும் தந்தார்கள். அவர் ஒரு துண்டை எடுத்து, கடிக்காமல் கைக்குள்ளேயே வைத்திருந்தார். கொழும்பில் இருந்தவருக்கு எங்கள் சாப்பாடு பிடிக்காது என்று அந்த வீட்டுக்காரி பிறகு சொன்னாளாம்.

நித்திரையில் அவர் பல்லை நெறுமுவார். வயிற்றில் பூச்சி இருந்தால் அப்படித்தான் என்று அம்மா சொல்லி, வேப்பங்கொழுந்து அரைத்து மூன்று நாள் வெறும் வயிற்றில் கொடுத்தாள். மறுபேச்சில்லாமல் குடித்தார். காலையில் எழும்பும்போது கன்னம் இரண்டும் நோகுது, தலை இடிக்குது என்று என்னிடம் மட்டும் சொல்வார். ஊர்ப் பரியாரி பார்த்துவிட்டு வாதம் என்றார். நொச்சியிலை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம் போடச் சொல்லி, பூச ஒரு எண்ணெயும் கொடுத்தார். சூடு இருக்கும்வரை சுகமாக இருந்தது. ஆறியதும் பழையபடி.

எண்பத்தாறாம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அவர் விறாந்தைக் கதிரையில் இருந்து கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தார். நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். கொட்டாவி விட்டார். வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. முதலில் பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அவர் இரண்டு கையாலும் நாடியைப் பிடித்துத் தள்ளினார். கண்ணால் தண்ணீர் வந்தது. கடைவாயால் வீணீர் வடிந்தது. சொல்ல வந்தது ஒன்றும் சொல்லாக வரவில்லை.

நான் கத்திய கத்தலில் ஐயா தோட்டத்திலிருந்து மண் காலோடு ஓடி வந்தார். அவரைப் பார்த்த அந்த நிமிஷமே ஐயாவின் முகம் மாறிவிட்டது. சந்திக்கு ஓடி வாடகைக் கார் பிடித்துக்கொண்டு வந்தார். மானிப்பாய்ப் பக்கம் வீட்டிலேயே நோயாளரைப் பார்க்கும் ஒரு பல் டொக்டர் இருக்கிறார் என்று காரோட்டி சொன்னார். வழி நெடுக நான் அவருடைய முகத்தைத் துவாயால் மூடிப் பிடித்திருந்தேன். வீணீரைத் துடைக்கவென்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். ரோட்டில் போகிறவர்கள் பார்க்கக்கூடாது என்றுதான் மூடினேன்.

டொக்டர் ஐம்பது வயதுப் பெண். மெலிந்த கை. இந்தக் கையால் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. என் கணவரைப் பதிவான கதிரையில் இருத்தி, தலையைச் சுவரோடு சாய்க்கச் சொன்னார். தன் இரண்டு பெருவிரலிலும் துணியைத் தடிப்பாகச் சுற்றினார். அவற்றை அவருடைய வாய்க்குள் விட்டு, கீழ்க்கடைவாய்ப் பல்லின் மேல் வைத்துக் கீழ்நோக்கி அழுத்தினார். "இறுக்காதேங்கோ, தளர விடுங்கோ, மூச்சை விடுங்கோ" என்று சொல்லிக்கொண்டே அழுத்திப் பின்னுக்குத் தள்ளினார். சட்டென்று தாடை உள்ளே போய்ப் பொருந்தியது. அவருடைய வாய் மூடியதும், டொக்டருக்கு முன்னாலேயே கையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

டொக்டர் விரல்களை அவருடைய இரண்டு காதுக்கும் முன்னால் வைத்து, மெதுவாகத் திறந்து மூடச் சொன்னார்.

"இது கனகாலமாய் டக்டக்கெண்டுதோ?"

"ஓம். மூண்டு வரியமாய்."

"இடது பக்கம் ரெண்டு கடைவாய்ப் பல்லு இல்லை. எப்ப பிடுங்கினது?"

"பதினாறு வயசிலை."

"அப்ப சாப்பாடு முழுக்க வலது பக்கத்தாலை. அந்த மூட்டு என்ன பாடுபடும்?" என்றவர், என்னைப் பார்த்து, "நித்திரையிலை பல்லு நெறுமுறவரோ?" என்று கேட்டார்.

"ஓம். பூச்சி மருந்து குடுத்தனாங்கள்."

டொக்டர் சிரிக்கவில்லை. ஒரு கடதாசியை எடுத்துப் படம் கீறிக் காட்டினார். தாடையெலும்பின் நுனிக்கும் மண்டையோட்டின் குழிக்கும் நடுவே மெத்தை போல ஒரு சின்னச் சவ்வு இருக்கிறது. அது முன்பக்கம் விலகிவிட்டது. வாய் திறக்கையில் எலும்பு அந்த மெத்தையின் மேல் ஏறுகிறது, மூடுகையில் வழுக்கி இறங்குகிறது. அதுதான் சத்தம்.

"சத்தம் மட்டும் எண்டால் பயப்பிடத் தேவையில்லை. எத்தினையோ பேருக்கு இருக்கு, அவை பாட்டிலை இருக்கினம். நோவும், வாய் பூட்டுப்படுறதும்தான் பாக்க வேணும்" என்றார். பிறகு அவரிடம் கேட்டார். "உங்களுக்குக் கோவம் வந்தால் என்ன செய்வியள்?"

"ஒண்டும் செய்யிறேல்லை."

"அதுதான்" என்றார் டொக்டர்.

வாய் மூடியிருக்கும்போது உதடு மட்டும்தான் முட்ட வேண்டும், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் முட்டக்கூடாது என்று சொன்னார். எனக்கு அது புதினமாக இருந்தது. நாலைந்து கிழமைக்குக் குழைவான சாப்பாடு. புழுக்கொடியல், முறுக்கு, இறைச்சி ஒன்றும் கூடாது. வெந்நீரில் நனைத்த துணியால் காலையும் மாலையும் ஒத்தடம். கொட்டாவி வந்தால் நாடிக்குக் கீழே கையை முட்டுக்கொடுக்க வேண்டும். நாக்கு நுனியை அண்ணத்தில் வைத்துக்கொண்டு மெல்லத் திறந்து மூடிப் பழக வேண்டும். நித்திரைக்குப் போட, பல்லுக்கு மேல் கொழுவும் ஒரு பிளாஸ்டிக் தகடு செய்யலாம் என்று மெழுகில் அச்சும் எடுத்தார். அதற்கான சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல ஏலாது என்றார்.

வெளிக்கிடும்போது என்னைக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். "சத்தம் திடீரெண்டு நிண்டால் சுகம் எண்டு நினைச்சிடாதேங்கோ. வாய் எவ்வளவு திறக்குது எண்டு பாருங்கோ. மூண்டு விரல் நிமித்திப் போக வேணும்."

ஐயா இதையெல்லாம் வாசல் நிலையில் சாய்ந்து நின்று கேட்டார். திரும்பி வரும்போது காரில் முன்னால் இருந்தார்.

மறுநாள் மத்தியானம் குசினியில் வைத்து நான் அவருக்கு ஒத்தடம் போட்டேன். துணியை மாற்றும்போது, நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். கொழும்பில் கலவரம் தொடங்கிய அன்றைக்கு, பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் அவரையும் இன்னும் நாலு பேரையும் சீலிங்குக்கு மேல் ஏற்றிவிட்டதாம். கீழே தெருவில் ஆட்கள் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"என்ரை பல்லுக் கிடுகிடெண்டு அடிச்சுது. அந்தச் சத்தம் கீழை கேட்டிடும் எண்டு இறுக்கிக் கடிச்சனான். விடியத்தொடங்கிப் பொழுதுபடுமட்டும் கடிச்சபடி. பிறகு விட ஏலேல்லை."

"ஏன் எனக்கு முந்தியே சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது? பல்லுக் கடிச்சதையோ?"

துணி ஆறிப்போயிருந்தது. நான் அதைத் திரும்ப வெந்நீரில் தோய்க்கவில்லை. "ஐயா பூட்டு எண்டு சொன்ன அண்டைக்கு நானும் சிரிச்சனான்" என்றேன்.

"தெரியும்" என்றார். "நான் உம்மைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

அதன் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சாப்பிட்டோம். குழைய வடித்த சோறு, பால்கஞ்சி, உழுத்தங்களி, நன்றாக அவித்த பூசணி. பிள்ளைப்பெற்றவளுக்குச் சமைப்பது மாதிரி இருக்கிறது என்று அம்மா சொன்னாள். ஆனால் முருங்கைக்காய்க் கறி வைக்கும் நாளில் சதையை மட்டும் வழித்தெடுத்து அவருக்குப் புறம்பாக வைத்தவளும் அவள்தான். நாலு மாதத்துக்குப் பிறகு தகடும் வந்தது. கண்ணாடி போல, உள்ளங்கைக்குள் அடங்கும். ஐயா அதைப் பல்லுக்கூடு என்பார். அதைப் போட்டுக்கொண்டு படுத்தால் நெறுமல் சத்தம் கேட்பதில்லை. காலையில் தலையிடியும் குறைந்தது. மெல்லும்போது வரும் 'டக்' மட்டும் நிற்கவில்லை. நான் அதைப் பொருட்படுத்துவதை விட்டுவிட்டேன். ஐயாவும் அதைப் பற்றிப் பிறகு ஒருபோதும் கதைக்கவில்லை. நேரே மன்னிப்புக் கேட்கிற மனுசன் இல்லை அவர். தனக்குப் பக்கத்தில் பாயை விரித்து, "தம்பி, வாரும், இரும்" என்று கூப்பிடுவார். அவ்வளவுதான்.

எண்பத்தேழு ஐப்பசியில் இந்திய ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை தொடங்கியது. ஊரடங்கு. ஷெல் விழத் தொடங்கியதும் ஊர்ச்சனம் எல்லாம் கோயில் மடத்துக்கு ஓடினோம். எடுத்தது இரண்டு பாயும் ஒரு பானையும் அரிசியும்தான். மாட்டை அவிழ்க்கவும் நேரமில்லை. மடத்துக்குள் நூறு பேருக்கு மேல். ஆமி ரோட்டால் போகும்போதெல்லாம் சத்தம் போடாதேங்கோ, சத்தம் போடாதேங்கோ என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளின் வாயைத் தாய்மார் பொத்தினார்கள். அவர் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு இருந்தார். அவருடைய கன்னத்தில் தசை எழும்பி எழும்பி அடங்குவதை நான் பார்த்தேன். பல்லை முட்டவிடாதேங்கோ என்று காதுக்குள் சொன்னேன். தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் தசை திரும்பவும் எழும்பியது.

மூன்றாம் நாள் காலை, யாரோ தந்த ரொட்டித் துண்டை அவர் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். சத்தம் இல்லை. இன்னும் கிட்டப் போய்க் கேட்டேன். ஒன்றுமில்லை.

"என்னப்பா, சத்தம் நிண்டிட்டுது!" என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு விரலை நிமிர்த்திப் பல்லுக்கிடையில் வைத்துக் காட்டினார். அந்த ஒரு விரலுக்கு மேல் வாய் திறக்கவில்லை. அப்போதுதான் டொக்டர் சொன்னது நினைவு வந்தது.

மானிப்பாய்க்குப் போவதைப் பற்றி நினைக்கவும் முடியாது. மடத்து வாசலைத் தாண்டவே பயம். நான் கஞ்சியை வடித்து, சின்னக் கரண்டியால் பல்லிடைவெளியில் விட்டேன். பாதி உள்ளே போனது, பாதி நாடியால் வடிந்தது. முன்னால் இருந்து ஐயா பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் அப்படியே பார்த்தார். மற்ற நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில், வெளியே அமைதியாக இருந்தபோது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பினார்.

"வெறும் கஞ்சித் தண்ணியிலை ஆள் எப்பிடி இருக்கிறது? மாடும் கட்டினபடி நிக்குது. அவிட்டு விட்டிட்டு, கொஞ்சம் பால் கறந்துகொண்டு ஓடி வாறன்."

அம்மா வேண்டாம் என்றாள். அவர் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பி, "பிள்ளை, தம்பியின்ரை பல்லுக்கூட்டை எங்கை வைச்சனீ?" என்று கேட்டார்.

"அலுமாரியிலை, ரெண்டாம் தட்டு. தம்ளருக்குள்ளை."

நான் அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

என் கணவர் எழும்பி ஐயாவின் கையைப் பிடித்தார். வேண்டாம் மாமா என்று சொல்லப் பார்த்தார். மூடின பல்லுக்குள்ளிருந்து வந்தது எங்களுக்கே விளங்கவில்லை.

"நீர் கதைக்காதையும், நோகும்" என்று சொல்லிக் கையை எடுத்துவிட்டு ஐயா வெளியே போனார்.

முக்கால் மணித்தியாலம் கழித்து ஷெல் விழுந்தது. எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. எங்கள் பக்கம் புகை எழும்பியது. மத்தியானம் இரண்டு பேர் மதிலோரமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். ஐயா ஒழுங்கையில் கிடந்தாராம். மாட்டை அவிழ்த்துவிட்டிருந்தார். திரும்பி வருகிற வழியில்தான். பால் செம்பு வேலிக்குள் உருண்டு கிடந்தது. மடியில் பேப்பர்த் துண்டில் சுற்றிய தகடு இருந்தது. அது உடையவில்லை.

சுடலைக்குக் கொண்டுபோக முடியவில்லை. எங்கள் தோட்டத்து மூலையிலேயே, இருந்த விறகையும் ஒரு பழைய கதவையும் அடுக்கி, பொழுதுபட முன் எரித்தோம். ஆண்பிள்ளை இல்லாதபடியால் என் கணவர்தான் கொள்ளி வைத்தார். அம்மாவும் நானும் கத்திக் குளறினோம். அவர் நின்றார். தொண்டைக்குள்ளிருந்து ஒரு மாதிரி ஓசை வந்தது, பல்லில் முட்டி நின்றது. அழுவதற்கும் வாய் திறக்க வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு ரோட்டைத் திறந்தார்கள். அவருடைய சைக்கிளில் பின்னால் இருந்து நான் மானிப்பாய்க்குப் போனேன். டொக்டர் இருந்தார். வீட்டின் ஒரு யன்னலுக்கு மட்டும் பலகை அடித்திருந்தது. என் கணவர் சட்டைப் பையிலிருந்து தகட்டை எடுத்து மேசையில் வைத்தார். பல்லுக்குள்ளாலேயே கேட்டார்.

"இது போட்டிருந்தால், இப்பிடி வந்திராதோ? போட்டால், திறக்குமோ?"

டொக்டருக்கு எங்கள் கதை தெரியாது. கேட்டதற்கு உண்மையைச் சொன்னார். "இல்லை. உது நித்திரையிலை நெறுமாமல் இருக்க. இந்தப் பூட்டு வேறை. மெத்தை முழுக்க முன்னுக்குப் போய் அங்கையே நிண்டிட்டுது. உது இருந்தாலும் வாய் திறந்திராது."

அந்த ஒருமுறை டொக்டர் பொய் சொல்லியிருக்கலாம் என்று நான் பலநாள் நினைத்திருக்கிறேன். என் கணவர் தகட்டைத் திரும்பப் பையில் வைத்தார்.

டொக்டர் தாடையைப் பிடித்துக் கீழும் முன்னுமாக இழுத்துப் பார்த்தார். ஒரேயடியாகத் திறக்காது, பழக்கித்தான் எடுக்க வேண்டும் என்றார். ஐஸ்பழக் குச்சிகளை அவித்துக் கழுவி அடுக்கி, முன்பல்லுக்கிடையில் வைத்து, ஒத்தடத்துக்குப் பிறகு நாளுக்கு மூன்று தரம் பிடிக்க வேண்டும். நோவு தாங்குமளவுக்கு நாலைந்து நாளுக்கு ஒரு குச்சியாகக் கூட்ட வேண்டும். அம்மாதான் குச்சி தேடிச் சந்தையெல்லாம் அலைந்தாள். ஏழு குச்சியில் தொடங்கினோம். மாசியில் பதினெட்டு. சித்திரையில் அவருடைய மூன்று விரல் போனது. வகுப்பெடுக்கப் போனார். சத்தம் திரும்ப வரவேயில்லை.

அம்மா அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. முன்பெல்லாம் எல்லோரும் சாப்பிட்ட பிறகு குசினிக்குள் தனியே சாப்பிடுகிறவள், ஐயாவின் முப்பத்தோராம் நாள் கிரியை கழிந்த அன்றே தன் சாப்பாட்டுக் கோப்பையைக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "தம்பி, ரெண்டு பேரும் சாப்பிடுவம்" என்றாள்.

ஆனால் அவர் ஒரு விஷயத்தில் மாறிப்போனார். தனக்காக ஒருவரையும் எங்கும் போகவிடமாட்டார். காய்ச்சல் என்றாலும் தானே சைக்கிளை எடுத்துக்கொண்டு மருந்துக்குப் போவார். பக்கத்து வீட்டுக்காரர் சந்தைக்குப் போகிறேன், ஏதும் வேணுமோ என்று கேட்டால், வேண்டாம் என்பார். கேட்டவர்களுக்கு அது பெருமையாகத் தெரிந்திருக்கும்.

தொண்ணூற்றைந்தில், அரசாங்க ஆமி முன்னேறி வந்தபோது, ஊரைவிட்டு வெளிக்கிட்ட எல்லோரோடும் சேர்ந்து நாங்களும் தென்மராட்சிக்குப் போனோம். ஒரு பள்ளிக்கூடத்து மாமரத்தின் கீழ் சீலை கட்டி இருந்தோம். இரண்டாம் கிழமை அவருக்கு மலேரியா பிடித்தது. நடுக்கத்தில் பல்லுக் கிடுகிடுத்தது. அவர் அதை அடக்க இறுக்கிக் கடித்தார். மருந்து கொடுக்கும் இடம் ஒன்றரை மைல். நான் போட்டு வாறன் என்றால் என் கையை விடவில்லை. மத்தியானம் அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, அம்மாவிடம் சொல்லிவிட்டு நடந்தேன். வரிசை நீளம். மேலே பிளேன் ஒன்று சுற்றியது. குளிசையோடு திரும்பி வரப் பின்னேரமாகிவிட்டது.

அவர் எழும்பி இருந்தார். போர்வை காலடியில் கிடந்தது. என்னைக் கண்டதும் கத்தினார்.

"ஆர் உம்மைப் போகச் சொன்னது? ஆர் சொன்னது? எனக்கெண்டு ஒருத்தரும் வெளிக்கிட வேண்டாம் எண்டு எத்தினை தரம் சொல்லுறது? மாமா போனது காணாதோ?"

பதினொரு வருஷத்தில் அவர் என்னைப் பார்த்துக் கத்தியது அதுதான் முதல் தரம். அடுத்த மரத்தடிகளில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்திக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்தது. வாயைத் திறந்து, ஊருக்குக் கேட்க, மாமா, மாமா என்று அழுதார். அம்மா மண்ணில் இருந்தபடி முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் அவரை மறைத்துக்கொண்டு நிற்கவில்லை. பக்கத்தில் இருந்து, அழுது முடியும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு இரண்டு குளிசையைக் கொடுத்தேன். கைப்பாக இருக்கு என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.